மன்னார்குடியில் பிறந்த மகா நடிகை

நாகப்பட்டினத்தை ஒட்டி இருக்கிறது சிக்கல். அங்கிருந்து மேற்கே சுமார் இருபது கிலோமீட்டர் போனால் திருவாரூர். இரண்டு ஊருக்கும் நடுவே வயல், வாய்க்கால், மறுபடியும் வயல். கொத்தமங்கலம் சுப்பு 'ஆனந்த விகட'னில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடரை எழுதியபோது நாயகனைச் சிக்கலில் இருந்தும் நாயகியைத் திருவாரூரில் இருந்தும் கூட்டிவந்தார். 1968-ல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கினார். நாயனக்காரர் சண்முகசுந்தரமாக சிவாஜி, மோகனாவாக பத்மினி, தவில்காரராக டி.எஸ். பாலையா, 'சவடால்' வைத்தியாக நாகேஷ், நட்டுவனாராக கே.ஏ. தங்கவேலு, வடிவாம்பாளாக சி.கே. சரஸ்வதி. ஒரு சட்டத்துக்குள் இவர்களில் இரண்டு பேர் நின்றாலே மூன்றாவது ஆளுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

கதை நன்றாகச் சூடு பிடித்த பிறகு அந்தக் கூட்டத்துக்குள் ஒரு நாடகக்காரி நுழைகிறாள். பெயர் ஜில் ஜில் ரமாமணி. அவள் வருகிற காட்சிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் படம் பார்த்தவர்களிடம் இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள். சிவாஜி, பத்மினிக்கு அடுத்தபடியாக அவர்கள் வாயில் வருவது அவள் பெயராகத்தான் இருக்கும். ஊரே கையெடுத்துக் கும்பிடும் வித்வானிடம், ராகம் தாளம் எதுவும் அறியாத அவள், நாயனத்தைப் பற்றிக் குழந்தைபோல ஒரு கேள்வி கேட்கிறாள். தியேட்டர் சிரிக்கிறது. ஆனால் அந்த முகத்தில் கிண்டலும் இல்லை, கூச்சமும் இல்லை. பெரிய கலைஞன் ஒருவனுக்கு எதிரே நிற்கும் சின்னக் கலைஞியின் ஆச்சரியம்தான் இருக்கிறது. சண்முகசுந்தரத்தின் கோபத்துக்கு எல்லோரும் பயப்படுகிற படத்தில், அவரைக் கொஞ்ச நேரம் சாதாரண மனுஷனாக்கி உட்கார வைப்பவள் ரமாமணி மட்டும்தான்.

அந்த வேடத்தைக் கட்டியவர் மனோரமா. திருவாரூரில் இருந்து பஸ் பிடித்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய மன்னார்குடியில் 1937 மே 26 அன்று பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா.

மன்னார்குடி அப்போது தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. இப்போது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. ராஜகோபால சுவாமி கோயிலின் நெடிய மதிலுக்கும் ஹரித்ரா நதி என்ற பெரிய தெப்பக்குளத்துக்கும் பெயர் பெற்ற ஊர். அந்த ஊரில் கோபிசாந்தா வளரவில்லை. தந்தை குடும்பத்தைக் கைவிட, தாய் ராமாமிர்தம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடி பக்கம் உள்ள பள்ளத்தூருக்குப் போய்விட்டார். செட்டிநாட்டு வீடுகளில் வேலை செய்து மகளை வளர்த்தார். தாய்க்கு உடம்பு முடியாமல் போனபோது மகளின் படிப்பு நின்றது. பதினொரு வயதில் அவரும் வீட்டு வேலைக்குப் போனார். பிற்காலத்தில் திரையில் அவர் எத்தனையோ வேலைக்காரிகளாக வந்தாரே, அவர்கள் யாரும் வெறும் விளக்குமாறு பிடித்த பொம்மைகளாக இல்லாமல் போனதற்கு இந்த வருஷங்களும் ஒரு காரணம் என்று நம்ப இடமிருக்கிறது.

பெண்ணுக்குக் குரல் இருந்தது. பள்ளத்தூருக்கு வந்த நாடகக் குழு ஒன்றுக்குப் பாடத் தெரிந்த பெண் தேவைப்பட்டபோது, அவரை மேடையில் ஏற்றினார்கள். 'மனோரமா' என்ற பெயரைச் சூட்டியவர்கள் நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும். கதாநாயகியின் குரல் எந்த ஸ்ருதியில் நிற்கிறது, எங்கே நடுங்குகிறது என்று முதலில் கண்டுபிடிக்கிறவர் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் இருப்பவர்தான். அவர் ஒரு நடிகைக்குப் பெயர் வைத்தது பொருத்தமான காரியம். ரசிகர்களுக்கு அவர் 'பள்ளத்தூர் பாப்பா' ஆனார். செட்டிநாட்டுப் பக்கத்தில் இருந்து வந்தவர் என்பதால் பின்னாளில் திரையுலகம் முழுக்க 'ஆச்சி' என்று அழைத்தது.

மேடைக்கு வந்த பெண்கள்

காவிரிப் படுகையில் நாடகத்துக்கு ஒரு பருவம் உண்டு. சம்பாவும் தாளடியும் அறுத்து, நெல் களம் சேர்ந்து, வாய்க்காலில் தண்ணீர் நின்ற பிறகு மாசி, பங்குனி, சித்திரை என்று கோயில் கொடைகளும் திருவிழாக்களும் வரிசை கட்டும். தரிசாகக் கிடக்கும் வயலில் பந்தல் போட்டு விடிய விடிய நாடகம் நடக்கும். தமிழ் நாடகத்தின் பெரிய பெயர்கள் பலவும் இந்தப் பக்கத்தோடு தொடர்புள்ளவை. தஞ்சை கோவிந்தசாமி ராவின் குழு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புகழ்பெற்று விளங்கியது. எம்.கே. தியாகராஜ பாகவதர் 1910-ல் மாயவரத்தில் பிறந்தார். நகைச்சுவையில் கொடிகட்டிப் பறந்த தங்கவேலு காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்துக்காரர். சிவாஜியின் பூர்வீகமும் தஞ்சை ஜில்லா வேட்டைத்திடல்தான்.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று தெரியும். எல்லாரும் ஆண்கள். மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவது மரபு. பாய்ஸ் கம்பெனிகளிலும் சிறுவர்கள்தான் சேலை கட்டினார்கள். சிவாஜி ஸ்திரீபார்ட் போட்டு வளர்ந்தவர்.

விதிவிலக்காக ஒரு பெயர் எழுந்து நிற்கிறது. கும்பகோணம் பாலாமணி அம்மாள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தியவர். அவர் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காகக் கும்பகோணத்துக்குத் தனி ரயிலே விட்டார்கள் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். ரயில் விடும் அளவுக்குக் கூட்டம் சேர்த்த அந்தக் கலைஞியின் நடிப்பு எப்படி இருந்தது என்று பார்க்க நமக்கு ஓர் அடி பிலிம்கூட இல்லை.

திரையில் நகைச்சுவைக்கு வந்த பெண்களின் கதை வேறு மாதிரி இருந்தது. டி.ஏ. மதுரம் அபாரமான நடிகை. ஆனாலும் அவரை நாம் கலைவாணரின் ஜோடியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். 'கல்யாண பரிசு' படத்தில் எம். சரோஜா கலக்கியதைத் தங்கவேலுவிடம் இருந்து பிரித்துப் பேச முடிவதில்லை. சிரிப்புக்கு ஆண் முதலாளி, பெண் பங்காளி என்பது எழுதப்படாத ஏற்பாடு.

மனோரமா இந்த ஏற்பாட்டை உடைத்தார். நாகேஷோடு நடித்தார், சோவோடு நடித்தார், தேங்காய் சீனிவாசனோடும் சுருளிராஜனோடும் நடித்தார். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களோடும் நடித்தார். ஜோடி மாறிக்கொண்டே இருந்தது, அவர் மாறவில்லை. எந்த நகைச்சுவை நடிகரின் பெயரோடும் ஒட்டாமல் தன் பெயரிலேயே நின்றார். என்னைக் கேட்டால், ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்த கின்னஸ் சாதனையைவிட இதுதான் பெரிய சாதனை.

கண்ணதாசன் சொன்ன யோசனை

சினிமா அவருக்குச் சுலபமாகத் திறக்கவில்லை. மேடையில் கதாநாயகியாக இருந்தவர் ஒப்பந்தமான முதல் படங்கள் பாதியிலேயே நின்றுபோயின. மறுபடியும் மேடைக்குத் திரும்பினார். எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவில் சேர்ந்தார். மு. கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' நாடகத்தில் அவர் நடித்தது பலரது கவனத்தையும் இழுத்தது. திராவிட இயக்க நாடகங்களில் வசனம்தான் ராஜா. மூச்சை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது, எந்தச் சொல்லில் ஏறி எந்தச் சொல்லில் இறங்குவது என்பதைக் கடைசி வரிசை ஆளுக்கும் கேட்கும்படி பழகியாக வேண்டும். அந்தப் பயிற்சி அவரை ஐம்பது வருஷம் காப்பாற்றியது.

1958-ல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' வந்தது. நகைச்சுவை வேடம் என்றதும் மனோரமா தயங்கியிருக்கிறார். மேடையில் நாயகியாக நடித்துவிட்டு யாருக்குத்தான் மனம் வரும்? நாயகிகளின் காலம் சில வருஷங்கள்தான், நகைச்சுவையில் நின்றால் நீண்ட நாள் இருக்கலாம் என்று கவிஞர் எடுத்துச் சொன்னதாகப் பிற்பாடு மனோரமா நன்றியோடு நினைவுகூர்ந்ததுண்டு. 1963-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் ஆர்.எஸ். மனோகருக்கு ஜோடியாக நாயகி வேடமும் வந்தது. ஆனால் பாதை ஏற்கெனவே முடிவாகிவிட்டிருந்தது.

அதே காலத்தில்தான் திருமணம் நடந்தது, குழந்தை பிறந்தது, சீக்கிரமே கணவரைப் பிரிய நேர்ந்தது. மன்னார்குடியில் அவருடைய தாய் நின்ற அதே இடத்தில் மகளும் நின்றார். ஒரு வித்தியாசம்: மகளின் கையில் தொழில் இருந்தது. தாயும் கூடவே இருந்து வீட்டையும் பேரனையும் பார்த்துக்கொண்டார்.

1968

அவருடைய திறமையை அளக்க ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டால் போதும். 1968-ல் 'பொம்மலாட்டம்' வந்தது. ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்த அந்தப் படத்தில் சோவோடு சேர்ந்து மனோரமா அசல் மெட்ராஸ் பாஷையில் வெளுத்து வாங்கினார். வி. குமார் இசையில் அதே பாஷையில் அவரே சொந்தக் குரலில் பாடிய பாட்டு பட்டிதொட்டி எல்லாம் போனது. அதே வருஷம் 'தில்லானா மோகனாம்பாள்'. அதில் ரமாமணி பேசுவது முழுக்கக் கிராமத்துப் பேச்சு. இரண்டு வேடத்தையும் ஒருவரே செய்தார் என்று தெரியாதவர்களிடம் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் நம்பமாட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி'யில் நாகேஷோடு முத்துக்குளிக்கும் கரைப் பேச்சில் ஆடிப் பாடியிருந்தார்.

வட்டாரப் பேச்சு என்றால் சில நடிகர்கள் நாலு சொல்லைப் பொறுக்கிப் போட்டுக்கொள்வார்கள். மனோரமா இழுவையைப் பிடிப்பார். வாக்கியம் எங்கே நீளுகிறது, எங்கே சட்டென்று வெட்டப்படுகிறது, கோபம் வந்தால் அந்த ஊர்ப் பெண் எந்தப் பக்கம் தலையைச் சாய்ப்பாள் என்பது வரைக்கும் போவார். 1992-ல் 'சின்னக் கவுண்டர்' வந்தபோது எத்துப்பல் வைத்துக்கொண்டு கொங்கு ஆத்தாவாக நின்றதும் இந்த வழியில்தான். பல்லைப் பார்த்துச் சிரித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் பல்லை மறந்துபோனார்கள்.

ரமாமணிக்குத் திரும்புவோம். அந்தப் படம் நாயனத்தின் உயர்வைப் பற்றியது. காவிரிப் படுகை நாயனத்தின் தலைநகரம். டி.என். ராஜரத்தினம் பிள்ளை திருவாவடுதுறைக்காரர். வாத்தியம் செய்யும் நரசிங்கம்பேட்டை கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. படத்தில் சிவாஜிக்காக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். வாசித்தது மதுரை, வாசிக்கப்பட்ட மரபு தஞ்சை. இப்படிப் பரம்பரையும் பாடாந்தரமும் கோலோச்சும் உலகத்துக்குள், டிக்கெட் போட்டுத் தெருக்கூட்டத்துக்கு ஆடும் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார் சுப்பு. அவளைக் கேலிப் பொருளாக்கிவிட்டுப் போவது ரொம்பச் சுலபம். மனோரமா அவளுக்குத் தன்மானம் கொடுத்தார். கொட்டகை கொட்டகையாகப் போய் ஆடிய பள்ளத்தூர் பாப்பாவுக்கு ரமாமணியின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. உயர்ந்த கலை, தாழ்ந்த கலை என்ற பிரிவினைக்கு அந்தப் படத்தில் கிடைக்கும் ஒரே பதில் அவள்தான்.

அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. வண்ண ஒளிப்பதிவுக்காக கே.எஸ். பிரசாத்துக்கும் தேசிய விருது கிடைத்தது. ரமாமணிக்கு? கொடுக்க விருதே இல்லை. தேசிய விருதுகளில் துணை வேடங்களுக்கென்று ஒரு பிரிவே அப்போது இல்லை. அமெரிக்காவில் ஆஸ்கர்காரர்கள் துணைப் பாத்திரங்களுக்கென்று தனி விருது கொடுக்க ஆரம்பித்தது 1937 மார்ச்சில். அதே வருஷம் மே மாதம்தான் மன்னார்குடியில் கோபிசாந்தா பிறந்தார். இந்தியாவில் அந்த விருது 1984-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலில் கொடுக்கப்பட்டது. அதற்குள் மனோரமா திரைக்கு வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. அவரும் நாகேஷும் பாலையாவும் எஸ்.வி. ரங்காராவும் உச்சத்தில் இருந்த காலம் முழுவதும், டெல்லியைப் பொறுத்தவரை அப்படி ஒரு தொழிலே இல்லை.

ஆயிரம் என்ற கணக்கு

மனோரமாவைப் பற்றி எழுதுகிற எல்லாரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள், கின்னஸ் புத்தகம் என்று ஆரம்பிப்பார்கள். ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்பது அடுத்த வரி. அண்ணாவோடும் கருணாநிதியோடும் மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமராவ் ஆகியோரோடு திரையில். இரண்டும் உண்மை, இரண்டும் பெருமைதான். ஆனால் அந்தக் கணக்கு அவருடைய நடிப்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஆயிரம் படங்களில் பெரும்பாலானவை அவருக்குத் தகுதியானவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கதைக்குச் சம்பந்தமில்லாத காமெடி டிராக்கைத் தனியாக எழுதி, தனியாகப் படம்பிடித்து, படத்தில் ஒட்டுகிற வழக்கம் இருந்த காலம். அடிவாங்குகிற பொண்டாட்டி, ஆம்பளைக்கு ஆசைப்பட்டு அலைகிற பெண் என்று அரைத்த மாவையே அரைத்த வேடங்கள் ஏராளம். அவற்றிலும் ஏதாவது ஓர் இடத்தில், ஒரு பார்வையிலோ ஒரு பெருமூச்சிலோ, எழுதியவர் யோசிக்காத ஒரு மனுஷியைக் காட்டிவிட்டுப் போவார்.

நல்ல எழுத்து கிடைத்தபோது என்ன செய்தார் என்பதற்குச் சில படங்கள் போதும்.

சித்ராலயா கோபு இயக்கிய 'காசேதான் கடவுளடா' (1972) படத்தில் பணப்பெட்டியின் சாவியைக் கையில் வைத்திருக்கும் சித்தி அவர். வீட்டு ஆண்கள் எல்லாரும் அவரிடம் இருந்து பணம் பறிக்கத் திட்டம் போடுகிறார்கள். போலிச் சாமியாராகத் தேங்காய் சீனிவாசன் போடும் கூத்து உச்சத்துக்குப் போகிறது. மனோரமா அதில் ஒரு பங்கும் ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. அவருடைய கண்டிப்பும் பக்தியும் அசையாமல் நிற்பதால்தான் எதிரில் நடக்கும் கூத்துக்குச் சிரிப்பு வருகிறது. நகைச்சுவையில் சிரிக்க வைப்பவரைவிட, சிரிக்காமல் நின்று தாங்குபவருக்குத்தான் வேலை அதிகம்.

விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. அண்ணன் தம்பிகளும் அப்பாவும் வீட்டுக்கு நடுவே கோடு கிழித்துக்கொள்ளும் கதை. ரத்த சொந்தம் எல்லாம் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்க, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கண்ணம்மாதான் கோபித்துக்கொண்டு வந்த மகளைச் சம்பந்தி வீட்டோடு சேர்த்துவைக்கச் சண்டை போடுகிறாள். சம்பந்தியாக நடித்த கிஷ்முவும் மனோரமாவும் மோதும் அந்தக் காட்சி தமிழ்நாட்டில் கேசட் போட்டுக் கேட்கப்பட்ட காட்சிகளில் ஒன்று. கூச்சல் மாதிரித் தெரியும். நிதானமாகப் பார்த்தால், ஒவ்வொரு அடியும் கணக்குப் போட்டு வைக்கப்பட்டிருப்பது புரியும். பொழுதுபோக்குச் சித்திரத்துக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

பார்த்திபன் இயக்கிய முதல் படமான 'புதிய பாதை' (1989) அவருக்கு ஒருவழியாக டெல்லியின் அங்கீகாரத்தைக் கொண்டுவந்தது. சேரியில் வாழும் ஆயா வேடம். சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது. அதே வருஷம் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் மெக்கானிக் ராஜாவை எடுத்து வளர்த்த தாயாகவும் வந்தார். 'சின்னத் தம்பி'யில் பிரபுவுக்கும் 'அண்ணாமலை'யில் ரஜினிக்கும் அம்மா ஆனார். 1990-களில் தமிழ் சினிமாவின் அம்மாக்களுக்கு அழுவதைத் தவிர வேறு வேலை கொடுக்கவில்லை. மனோரமா நடித்த அம்மாக்கள் அதட்டினார்கள், சண்டைக்குப் போனார்கள், மகனை எல்லார் முன்னாலும் திட்டினார்கள். ஷங்கரின் 'இந்தியன்' (1996) படத்தில் தனக்குச் சேர வேண்டிய உதவித்தொகைக்காக அரசு அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் மூதாட்டியாகச் சில நிமிஷங்களே வருவார். தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளைப் பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சில நிமிஷமே போதுமானதாக இருந்தது.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பி. வாசுவின் 'நடிகன்' (1990). கல்யாணமே ஆகாமல் வயது போன ஒரு பணக்காரப் பெண், கிழவன் வேஷத்தில் வந்திருக்கும் இளைஞன் சத்யராஜைப் பார்த்து மனம் பறிகொடுக்கிறாள். கதையின் போக்குக்கு அவள் வெறும் சிரிப்புக்கான ஆள். மனோரமாவுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் அந்தப் பெண்ணுக்குக் காதல் வந்துவிட்டது என்பதை முழுக்க நம்பி நடித்தார். தலை சீவுகிறார், வெட்கப்படுகிறார், பதினெட்டு வயதுப் பெண்ணின் படபடப்போடு காத்திருக்கிறார். நாம் சிரிக்கிறோம். படம் போகப் போக, இந்தப் பெண் ஏமாந்துபோகக் கூடாதே என்று நமக்குக் கவலை பிடித்துக்கொள்கிறது. தமிழில் நடுவயதுப் பெண்ணின் ஆசையை இவ்வளவு மரியாதையோடு நடித்துக் காட்டியவர் வேறு யார்?

'பொம்பளை சிவாஜி' என்று அவரைப் புகழ்ந்தவர்கள் உண்டு. அன்பால் சொன்னதுதான். ஆனாலும் ஓர் ஆணின் அளவுகோலைக் கொண்டு வந்து வைத்த பிறகு அவருடைய தனி வழி கண்ணில் படாமல் போய்விடுகிறது. சிவாஜிக்கு அரசன், தளபதி, கப்பலோட்டிய தமிழன் என்று பெரிய மனிதர்களின் வரிசை கிடைத்தது. மனோரமாவுக்குக் கிடைத்தவர்கள் பாத்திரம் தேய்ப்பவர்கள், ஆயாக்கள், நாடகக்காரிகள், குடிசைப் பெண்கள், விதவைத் தாய்கள். பேர் சொல்லி யாரும் கூப்பிடாத பெண்களுக்கு வாயும் புத்தியும் கோபமும் உண்டு என்று அவர் அரை நூற்றாண்டு காட்டிக்கொண்டே இருந்தார்.

சின்னத்திரை வந்தபோது தொடர்களிலும் நடித்தார். தெலுங்கு, மலையாளம், கன்னடப் படங்களிலும், மெஹ்மூதோடு இந்தியில் 'குன்வாரா பாப்' (1974) படத்திலும் அவர் நடித்திருக்கிறார். 2002-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானபோது அவருக்கு வயது 78. அந்தப் படங்கள் வந்தபோது பிறந்துகூட இராத பிள்ளைகளுக்கு ரமாமணியையும் கண்ணம்மாவையும் அறிமுகப்படுத்தியது தொலைக்காட்சிதான். மத்தியானத்தில் போடும் பழைய படங்களும் செல்பேசியில் சுற்றும் காமெடித் துண்டுகளும் அவரைப் புழக்கத்திலேயே வைத்திருக்கின்றன. ஆனால் துண்டுகளில் சிரிப்பு மட்டும்தான் இருக்கும். சிரிப்புக்கு முன்னும் பின்னும் அவர் கட்டிய மனுஷி முழுப் படத்தில்தான் இருக்கிறாள்.

டெல்டாவுக்கு ஒரு வேண்டுகோள்

பாலாமணி அம்மாளின் நடிப்பு நமக்குக் கிடைக்காமல் போனதற்குக் காலத்தைக் குறை சொல்லலாம். மனோரமா விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அவர் நடித்த படங்கள் பல கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவரோடு நடித்தவர்கள், அவருக்கு ஒப்பனை செய்தவர்கள், பள்ளத்தூர் பாப்பாவை மேடையில் பார்த்த முதியவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள். தஞ்சையில் 1981 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நாடகத்துறையும் இருக்கிறது. கதாநாயகர்களின் வரலாறு எப்படியும் எழுதப்பட்டுவிடும். ஆர்மோனியக்காரர்கள், ஸ்திரீபார்ட் நடிகர்கள், ஸ்பெஷல் நாடக நடிகைகள், துணை வேடக்காரர்கள் ஆகியோரின் நினைவுகளை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்வது அந்தத் துறையின் மாணவர்கள் ஊர் ஊராகப் போய்ச் செய்யக்கூடிய வேலை. அதில் தாமதம் கூடாது.

மன்னார்குடிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் பள்ளிகள் இருக்கின்றன, கல்லூரிகள் இருக்கின்றன, மண்டபங்கள் இருக்கின்றன. மே 26 கோடை விடுமுறையில் வருகிற நாள். வருஷா வருஷம் அன்று மாலை ஒரு திரை கட்டி, அவருடைய ஒரு படத்தை, காமெடித் துண்டாக அல்லாமல் முழுதாகப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். முதல் வருஷம் 'நடிகன்' போடலாம்.